‘டேக்’ என்ற ஒரே வினையைத் துருக்கி மொழிக்குக் கொண்டுபோவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆங்கில–துருக்கி அகராதியில் ‘டேக்’ என்று தேடினால் முதலில் வந்து நிற்பது ‘அல்மக்’. அதை நம்பி, பஸ்ஸில் வந்ததைச் சொல்ல ‘ஒத்தொபுஸ் அல்தும்’ என்று இஸ்தான்புல்லில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். நீங்கள் பஸ் முதலாளி ஆகிவிட்டீர்கள் என்றுதான் அவர் நினைப்பார். அந்த வாக்கியத்துக்கு ‘பஸ் வாங்கினேன்’ என்பதே பொருள்.

‘டேக்’ ஆங்கிலத்துக்கே வெளியிலிருந்து வந்த சொல். பழைய ஆங்கிலத்தில் இந்த வேலையை ‘நிமன்’ என்ற வினை செய்துகொண்டிருந்தது. வைக்கிங்குகளோடு வந்த பழைய நோர்ஸ் மொழியின் ‘தக’ அதை மெல்ல ஓரங்கட்டிவிட்டு, கண்ணில் பட்ட வேலையையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டது. இன்று பஸ், மாத்திரை, போட்டோ, பரீட்சை, நேரம், முடிவு, பழி எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரே வினை. துருக்கி மொழி இவற்றைத் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. தமிழும் அப்படித்தான்: பஸ்ஸில் ஏறுகிறோம், மாத்திரை போடுகிறோம், பரீட்சை எழுதுகிறோம், நேரம் ஆகிறது, பழி வாங்குகிறோம். ஆகவே தமிழர்கள் ஆங்கிலம் வழியாகத் துருக்கி மொழிக்குப் போவது ஊரைச் சுற்றிப் போகிற வழி. தமிழ் வழியாகப் போனால் பாதித் தூரம் மிச்சம். மீதிப் பாதியில் தமிழும் காலை வாரும். அந்த இடங்களும் கீழே வருகின்றன.

தொடங்கும் முன்: இந்தச் சொற்களை எப்படி வாசிப்பது

துருக்கி மொழி 1928-இல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியது. எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம் என்பது அதன் பெரிய வசதி. இங்கே எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் தந்திருப்பதால் சில ஏற்பாடுகள் தேவை.

வினையின் அகராதி வடிவம் ‘மக்’ அல்லது ‘மெக்’ என்று முடியும். வேரின் கடைசி உயிர் எ, இ போல நாக்கின் முன்பக்கம் பிறந்தால் ‘மெக்’, அ, ஒ போலப் பின்பக்கம் பிறந்தால் ‘மக்’. இந்த விதியே உச்சரிப்புக்கும் வழிகாட்டும். ‘மெக்’ வினைகளின் வேரில் உகரமோ ஒகரமோ வந்தால், அது நம்முடைய உ, ஒ இல்லை. ‘ஸுர்மெக்’ என்பதில் வாய்க்குள் ‘இ’ சொல்லிக்கொண்டு உதட்டை மட்டும் ‘உ’வுக்குக் குவியுங்கள். ‘கொத்துர்மெக்’ என்பதன் முதல் உயிருக்கு உள்ளே ‘எ’, உதட்டில் ‘ஒ’.

‘மக்’ வினைகளில் வரும் உகரம் பெரும்பாலும் நம் குற்றியலுகரம். ‘பாட்டு’ என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் அமுங்கி ஒலிக்கிறதே, அதே ஒலி. ‘கத்துல்மக்’, ‘அலுன்மக்’ இரண்டிலும் அதுதான். ஐரோப்பிய மாணவர்கள் இந்த ஒலிக்கு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். நமக்குப் பிறவியிலேயே வந்தது. ‘துத்மக்’, ‘யுத்மக்’, ‘ஒத்துர்மக்’, ‘துத்துக்லமக்’ நான்கிலும் மட்டும் உதட்டை நன்றாகக் குவித்து உ சொல்லுங்கள்.

‘ஃஸ்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் வண்டு ரீங்காரம் போன்ற அதிர்வொலி. சொல்லின் இறுதியில் ‘ஆ’ என்று எழுதியிருந்தாலும் நீட்ட வேண்டாம். ‘பின்மெக்’, ‘பக்மக்’ இரண்டின் பகரமும் ‘பஸ்’ என்பதில் உள்ளதுபோல. ‘கிர்மெக்’, ‘கொத்துர்மெக்’ இரண்டின் ககரம் ‘கீதை’யில் உள்ளதுபோல.

படி 1: ‘டேக்’கை மறந்துவிட்டு, அதோடு நிற்கும் பெயர்ச்சொல்லைப் பிடியுங்கள்

துருக்கி மொழியில் பெயர்ச்சொல்தான் தன் வினையைக் கூட்டிவரும். போட்டோ என்றால் ‘செக்மெக்’, பரீட்சை என்றால் ‘கிர்மெக்’, இடைவேளை என்றால் ‘வெர்மெக்’. வினையைத் தனியாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை. பெயர், அதன் வேற்றுமை உருபு, வினை மூன்றையும் ஒரே கட்டாக மனத்தில் ஏற்ற வேண்டும். பயிற்சி அட்டை எழுதுகிறவர்கள் ஒரு பக்கம் ‘பரீட்சை எழுது’ என்று தமிழில் எழுதி, மறுபக்கம் ‘ஸுனவா கிர்மெக்’ என்று முழுக்கட்டாக எழுதுங்கள். ‘ஸுனவ்’ என்று பெயரை மட்டும் எழுதிய அட்டை, பேச வாயெடுக்கும் நேரத்தில் உதவாது.

படி 2: தமிழில் ‘வாங்கு’ வருகிறதா? அப்படியானால் ‘அல்மக்’

இது கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய விதி. அகராதிகள் ‘அல்மக்’ என்பதற்கு எடு, பெறு என்று எழுதினாலும், அதன் குணம் நம் ‘வாங்கு’வுக்குத்தான் நெருக்கம். ‘எக்மெக் அல்தும்’ என்றால் ரொட்டி வாங்கினேன். சம்பளம் வாங்குவது ‘மாஷ் அல்மக்’. பரிசு வாங்குவது ‘ஒதுல் அல்மக்’, லஞ்சம் வாங்குவது ‘ருஷ்வெத் அல்மக்’, டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்குவது ‘ரன்தெவு அல்மக்’, அனுமதி வாங்குவது ‘இஃஸின் அல்மக்’. பழி வாங்குவதுகூட ‘இன்த்திகாம் அல்மக்’ தான். ஒருவரிடம் சத்தியம் வாங்குவது ‘ஸொஃஸ் அல்மக்’. கூட்டத்தில் பேச வாய்ப்பு வாங்கி எழுந்து பேசுவதும் அதே ‘ஸொஃஸ் அல்மக்’.

கடைத்தெருவுக்குப் போய்ப் பொருள் வாங்குவதற்கான பெயர்ச்சொல் ‘அலுஷ்வெரிஷ்’. பிரித்துப் பார்த்தால் அல் + வெர், அதாவது ‘வாங்கல் கொடுக்கல்’. நாம் ‘கொடுக்கல் வாங்கல்’ என்கிறோம். அவர்கள் வாங்குவதை முன்னால் வைத்துவிட்டார்கள்.

கல்யாணப் பேச்சிலும் ஒரு பொருத்தம். அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தோம், அவர்களுக்குப் பெண் கொடுத்தோம் என்று நம் ஊரில் பேசுவதைத் துருக்கியிலும் அப்படியே பேசுவார்கள்: ‘குஃஸ் அல்மக்’, ‘குஃஸ் வெர்மெக்’. ‘குஃஸ்’ என்றால் பெண். இங்கே தமிழில் ‘எடு’ வந்தாலும் துருக்கியில் ‘அல்மக்’ என்பதை மட்டும் விதிவிலக்காகக் குறித்துக்கொள்ளுங்கள். வேலைக்கு ஆள் எடுப்பதும் அப்படியே: ‘இஷெ அல்மக்’.

சாப்பாட்டுக் கடையில் பணியாளர் கேட்பது ‘நெ அலுர்ஸுனுஃஸ்?’. என்ன வாங்குவீர்கள் என்று நேராகப் பொருள் கொண்டாலும், ‘என்ன சாப்பிடுறீங்க?’ என்றுதான் அதற்கு அர்த்தம். வேண்டாம் என்றால் வெறும் ‘இல்லை’ சொல்வது முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். ‘அல்மயயும், ஸா ஒலுன்’ என்பதே மரியாதை: எனக்கு வேண்டாம், நன்றி.

துருக்கிக் காப்பிக்குச் சர்க்கரையை அடுப்பில் வைக்கும்போதே போட்டுவிடுவார்கள். அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே அளவைச் சொல்லியாக வேண்டும். சர்க்கரை இல்லாமல் ‘ஸாதே’, கொஞ்சம் போட்டு ‘அஃஸ் ஷெக்கெர்லி’, நடுத்தரம் ‘ஒர்த்தா’, நல்ல இனிப்பு ‘ஷெக்கெர்லி’. ‘ஒர்த்தா’ என்றால் சின்னக் கப்புக்கு ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. டீயில் இந்தத் தொல்லை இல்லை. சர்க்கரைக் கட்டி தட்டில் தனியாக வரும்.

கையில் ஒரு பொருளை நீட்டி ‘இந்தா’ என்று நாம் சொல்வதற்கு ‘அல்’ பொருந்தும், அதுவும் நண்பனுக்கும் குழந்தைக்கும் மட்டும். பெரியவரிடமோ கடைக்காரரிடமோ நீட்டும்போது ‘புயுருன்’. இந்த ஒரு சொல் இந்தாங்க, வாங்க, உட்காருங்க, சொல்லுங்க நான்குக்கும் போதும். ஆங்கிலத்தில் ‘டேக் எ சீட்’ என்பதை ‘அல்மக்’ வைத்து மொழிபெயர்க்கப் பார்த்தால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னதாகிவிடும். ‘புயுருன், ஒத்துருன்’ என்றால் முடிந்தது.

படி 3: தமிழில் ‘எடு’ வருகிறதா? ‘செக்மெக்’ பக்கம் பாருங்கள்

இங்கேதான் அகராதி மட்டும் வைத்துப் படிப்பவர்கள் சறுக்குவார்கள். ‘செக்மெக்’ என்றால் இழு. ஆனால் நாம் ‘எடு’ சொல்லும் பல இடங்களில் அதுதான் வருகிறது. போட்டோ எடுப்பது ‘ஃபொத்தோரஃப் செக்மெக்’. படம் எடுப்பது ‘ஃபில்ம் செக்மெக்’. எக்ஸ்ரே எடுப்பது ‘ரொன்த்கென் செக்மெக்’. ஜெராக்ஸ் எடுப்பது ‘ஃபொத்தொகொப்பி செக்மெக்’. ஏடிஎம்மில் பணம் எடுப்பது ‘பரா செக்மெக்’. லோன் எடுப்பது ‘க்ரெதி செக்மெக்’. இதற்கு ‘அல்மக்’ சொன்னாலும் தவறில்லை. பல் பிடுங்குவதும் ‘செக்மெக்’, வலியை அனுபவிப்பதும் ‘அஜு செக்மெக்’.

அப்பாவை உரித்துவைத்தாற்போல் இருக்கிறான் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘டேக் ஆஃப்டர்’. துருக்கியில் ‘பபஸுனா செக்மிஷ்’. நேராகச் சொன்னால் ‘அப்பாவுக்கு இழுத்திருக்கிறான்’. அழகான பிரயோகம், தினமும் காதில் விழும்.

இந்தப் படியில் தமிழ் ஒரு பெரிய குழியும் வெட்டி வைத்திருக்கிறது. ‘நேற்று எக்ஸ்ரே எடுத்தேன்’ என்று நோயாளியும் சொல்கிறார், மெஷின் இயக்குபவரும் சொல்கிறார். துருக்கியில் இருவரும் ஒரே வினையைச் சொல்ல முடியாது. இயக்குபவர் ‘செக்திம்’ என்பார். நோயாளி ‘செக்திர்திம்’, எடுக்கவைத்தேன் என்பார். நம்முடைய செய்–செய்வி போல நடுவில் ‘திர்’, ‘துர்’ சேர்கிறது. ரத்தப் பரிசோதனைக்குப் போனவர் ‘கன் அல்துர்தும்’ என்பார். ஸ்டூடியோவில் குடும்பப் படம் எடுத்துக்கொண்டவர்கள் ‘ஃபொத்தோரஃப் செக்திர்திக்’ என்பார்கள். நோயாளியாக உட்கார்ந்துகொண்டு ‘ரொன்த்கென் செக்திம்’ என்றால், நீங்களும் மருத்துவமனை ஊழியர்தானா என்று டாக்டர் கேட்பார்.

சுற்றுலாப் பயணிக்கு ஒரு வாக்கியம் போதும்: ‘ஃபொத்தோரஃபுமுஃஸு செக்கெர் மிஸினிஃஸ்?’ எங்களை ஒரு போட்டோ எடுக்கிறீர்களா என்று பொருள்.

படி 4: ‘கொண்டுபோ’வா, ‘கூட்டிக்கொண்டு போ’வா?

இரண்டும் ‘கொத்துர்மெக்’. ஆளுக்கும் பொருளுக்கும் நாம் காட்டும் வித்தியாசத்தை அவர்கள் காட்டுவதில்லை. ‘சொஜூ தொக்தொரா கொத்துர்தும்’ என்றால் பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போனேன். எதிர்த்திசையில், இங்கே கொண்டுவருவது ‘கெத்திர்மெக்’.

ஒருவரை அவர் இருக்கும் இடத்தில் வந்து ஏற்றிக்கொள்வது மட்டும் ‘அல்மக்’. ‘ஸெனி அல்த்துதா அலுரும்’ என்றால் ஆறு மணிக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொள்கிறேன். கூடவே எடுத்துக்கொள் என்பதற்கு ‘யனுனா அல்மக்’, அதாவது பக்கத்துக்கு எடு. ‘ஷெம்ஸியெனி யனுனா அல்’: குடையை எடுத்துக்கோ. பிள்ளையைப் பள்ளியிலிருந்து ‘அல்தும்’ என்று அரைகுறையாக விடாதீர்கள். ‘ஒக்குல்தன் அல்தும்’ என்பது மாலையில் கூட்டிவந்ததையும் குறிக்கும், பள்ளியை விட்டே நிறுத்தியதையும் குறிக்கும். சூழல்தான் காட்டிக்கொடுக்கும்.

படி 5: வண்டி, மருந்து, நேரம்

அன்றாடம் அதிகம் தேவைப்படும் மூன்று இவை. மூன்றிலும் ‘அல்மக்’ சறுக்கும், அல்லது இரண்டாம்பட்சமாகத்தான் வரும்.

வண்டி எதுவானாலும் ஏறுவது ‘பின்மெக்’, இறங்குவது ‘இன்மெக்’. பஸ், ரயில், விமானம், படகு, குதிரை, லிஃப்ட் எல்லாவற்றுக்கும் இதுவே. ‘ஒத்தொபுஸெ பிந்திம்’ என்றால் பஸ்ஸில் ஏறினேன். நாம் ‘ஆட்டோ பிடி’ என்பதைப்போலவே அவர்களும் ‘தக்ஸி துத்மக்’ என்பார்கள். ‘துத்மக்’ என்றால் பிடி. ரோட்டில் கைகாட்டி நிறுத்துவது ‘தக்ஸி செவிர்மெக்’, டாக்ஸியைத் திருப்புவது.

மருந்து சாப்பிடுவது ‘இலாச் இச்மெக்’. ‘இச்மெக்’ என்றால் குடி. மாத்திரையானாலும் சிரப்பானாலும் குடிப்பதுதான். ‘ஹப் அல்மக்’ என்றும் சொல்வதுண்டு, ஆனால் டாக்டர் ‘ஹப் அல்துனுஃஸ் மு?’ என்று கேட்டால் சாப்பிட்டீர்களா, வாங்கிவிட்டீர்களா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டிவரும். ‘இச்மெக்’ சொன்னால் குழப்பமே இல்லை. மாத்திரையை விழுங்குவது ‘ஹப் யுத்மக்’. இந்த விழுங்கலைச் சற்று ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். படி 6-இல் வருகிறது.

நேரம் ஆவது ‘ஸுர்மெக்’. ‘நெ கதர் ஸுரெர்?’ என்றால் எவ்வளவு நேரம் ஆகும்? இஸ்தான்புல்லில் எமினொனு துறையிலிருந்து கதுகொய் துறைக்கு நீராவிப்படகுக் காலத்துப் பெயரையே இன்றும் தாங்கியிருக்கும் ‘வபுர்’ ஏறினால், ‘யிர்மி தகிக்கா ஸுருயொர்’, சுமார் 20 நிமிடம். ஒரு வேலை உங்கள் நேரத்தைத் தின்றது என்று அங்கலாய்க்கும்போது மட்டும் ‘ஃஸமானுமு அல்து’ வரும். ‘ஸுர்மெக்’ வேறு பல வேலையும் செய்யும்: வண்டி ஓட்டுவது, களிம்பு தடவுவது, வயல் உழுவது எல்லாம் அதே வினை. மருந்துச் சீட்டில் ‘ஸுர்’ என்று கண்டால் அது தடவும் மருந்து, வாயில் போட்டுவிடாதீர்கள்.

படி 6: வேற்றுமை உருபைச் சரிபாருங்கள்

வினை சரியாக வந்தபின்னும் வாக்கியம் கோணலாக இருந்தால் காரணம் பெரும்பாலும் உருபுதான். நம் ‘ஐ’ போல அவர்களுக்கு ‘இ’, நம் ‘கு’ போல ‘எ’, நம் ‘இல்’ போல ‘தெ’, ‘இலிருந்து’ போல ‘தென்’. இவை முன்னுள்ள உயிருக்கு ஏற்ப உகரமாகவும் அகரமாகவும் மாறும். ஒட்டும் முறை நமக்குப் புதிதே இல்லை. எந்த வினைக்கு எந்த உருபு என்பதில்தான் பிசகும்.

நாம் ‘இல்’ போடும் இடத்தில் அவர்கள் அடிக்கடி ‘கு’ போடுகிறார்கள். பஸ்ஸில் ஏறு என்பது அவர்களுக்குப் பஸ்ஸுக்கு ஏறு: ‘ஒத்தொபுஸெ பின்மெக்’. கூட்டத்தில் கலந்துகொள் என்பது கூட்டத்துக்குச் சேர்: ‘தொப்லன்த்துயா கத்துல்மக்’. பரீட்சை எழுது என்பது பரீட்சைக்கு நுழை: ‘ஸுனவா கிர்மெக்’. ‘தொப்லன்த்துதா கத்துல்தும்’ என்று ‘இல்’ உருபு போட்டுப் பேசுவது, தமிழில் யோசித்துத் துருக்கியில் பேசுகிறவர் எளிதில் செய்யும் பிழை.

நாம் ‘ஐ’ போடும் சில இடங்களிலும் அவர்களுக்கு ‘கு’. குழந்தையைப் பார்த்துக்கொள் என்பது ‘சொஜுவா பக்மக்’, குழந்தைக்குப் பார். நமக்கு ‘பார்’ என்ற ஒரே வினையில் பார்ப்பதும் பராமரிப்பதும் அடங்குவதுபோலவே ‘பக்மக்’ என்பதிலும் அடங்குகிறது. விடைபெறும்போது சொல்லும் ‘டேக் கேர்’ அங்கே ‘கெந்தினெ இயி பக்’: உன்னை நல்லாப் பார்த்துக்கோ. பெரியவர்களிடம் ‘கெந்தினிஃஸெ இயி பகுன்’. வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள் என்பதற்கு மட்டும் ‘இலிருந்து’: ‘ஃபுர்ஸத்தன் யரர்லன்மக்’.

இனி ‘ஐ’ உருபு. குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும்போது உருபு போடுவதும், பொதுவாகச் சொல்லும்போது விட்டுவிடுவதும் இரண்டு மொழிக்கும் பொது. ‘மருந்து குடித்தேன்’, ‘மருந்தைக் குடித்தேன்’ என்ற வித்தியாசமே ‘இலாச் இச்திம்’, ‘இலாஜு இச்திம்’ என்பதிலும். கடைசி மெய் ச என்பது ஜ ஆகிவிட்டதைக் கவனியுங்கள். உயிர் வந்து ஒட்டினால் பல சொற்களில் இப்படி மெலியும்.

ஆனால் ‘ஹப் யுத்தும்’ என்றால் மாத்திரை விழுங்கினேன். ‘ஹப்பு யுத்தும்’ என்று ஒரே ஒரு ‘ஐ’ சேர்த்தால் ‘தொலைந்தேன், வசமாக மாட்டிக்கொண்டேன்’ என்ற மரபுத்தொடர். நர்ஸிடம் இரண்டாவதைச் சொன்னால் சிரிப்பார். இதனால்தான் மாத்திரைக்கு ‘இச்மெக்’ பாதுகாப்பு.

படி 7: ஆங்கிலம் எடுக்க, துருக்கியர் கொடுக்கும் இடங்கள்

முடிவு எடுப்பது ‘கரார் வெர்மெக்’, முடிவைக் கொடுக்கிறார்கள். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்துகொண்டு ஏமாற்றும் இடம் இது. தனிமனிதர் தனக்காக முடிவு செய்வது ‘கரார் வெர்மெக்’. நிர்வாகக் குழு, நகராட்சி, அமைச்சரவை கூடித் தீர்மானம் போடுவது ‘கரார் அல்மக்’. செய்தித்தாளில் இரண்டையும் பார்த்துக் குழம்ப வேண்டாம். இந்தக் ‘கரார்’ நமக்கு அந்நியரும் இல்லை: அரபியிலிருந்து உருது வழியாக வந்த நம் ‘கறார்’ இதே சொல்தான். அங்கே முடிவு, இங்கே கண்டிப்பு.

இடைவேளை விடுவது ‘ஆரா வெர்மெக்’. நெடுந்தூர பஸ்கள் சாப்பாட்டுக் கடையில் நிற்பது ‘மொலா வெர்மெக்’. கோர்ட்டுக்கு இழுப்பது ‘மஹ்கெமெயெ வெர்மெக்’, கோர்ட்டுக்குக் கொடுப்பது.

வேறு சிலவற்றில் எறிகிறார்கள். ஓர் அடி எடுத்துவைப்பது ‘அதும் அத்மக்’, ஒரு பார்வை பார்ப்பது ‘கொஃஸ் அத்மக்’. ‘அத்மக்’ என்றால் எறி. காய்ச்சல் பார்ப்பது ‘அதெஷ் ஒல்ச்மெக்’, நெருப்பை அளப்பது. ஓய்வு எடுப்பதற்குத் தனி வினை, ‘தின்லென்மெக்’. இவற்றில் தர்க்கம் தேட வேண்டாம், கட்டுக்கட்டாக மனப்பாடம்தான்.

குளிப்பதற்கு ‘துஷ் அல்மக்’, ‘துஷ் யப்மக்’ இரண்டும் வழக்கில் உண்டு. முதலாவதில் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். ‘துஷ் யப்மக்’ சொன்னால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை.

‘யெர் அல்மக்’ என்ற பொறி

ஆங்கிலத்தில் ஒரு நிகழ்ச்சி நடப்பதற்கு ‘டேக் பிளேஸ்’. துருக்கியில் ‘யெர்’ என்றால் இடம். ‘யெர் அல்மக்’ என்ற தொடரும் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறதே என்று மகிழ வேண்டாம். ‘யெர் அல்மக்’ என்றால் இடம்பெறுவது: பட்டியலில் உங்கள் பெயர் இடம்பெறுகிறது, அணியில் ஒருவர் இடம்பெறுகிறார். கூட்டம் நடந்தது என்பதற்கு ‘தொப்லன்த்து யபுல்து’, கொஞ்சம் எழுத்து நடையில் ‘கெர்செக்லெஷ்தி’. ஆங்கிலத்திலிருந்து அவசரமாக மொழிபெயர்த்த துருக்கிப் பிரதிகளில் இந்தப் பிழையே முதலில் கண்ணில் படும்.

‘கு’ போட்டு ‘அல்மக்’: எழுத்து நடையின் தனிக் குடும்பம்

செய்தி, கட்டுரை, அலுவலகக் கடிதம் படிக்கிறவர்களுக்கு இது அவசியம். ‘ஜித்தியெ அல்மக்’ பொருட்படுத்துவது, ‘ஹஃபிஃபெ அல்மக்’ இலேசாக நினைப்பது, ‘திக்கதெ அல்மக்’ கணக்கில் கொள்வது, ‘எலெ அல்மக்’ ஒரு விஷயத்தைக் கையில் எடுத்து அலசுவது, ‘அஸ்குயா அல்மக்’ நிறுத்திவைப்பது. எனக்குப் பிடித்தது ‘கொஃஸெ அல்மக்’: நேராகச் சொன்னால் கண்ணுக்கு எடுப்பது, பொருள் வருவது வரட்டும் என்று துணிவது. போலீஸ் விசாரணைக்காகப் பிடித்து வைப்பது ‘கொஃஸல்த்துனா அல்மக்’. அதைக் கோர்ட் உத்தரவோடு சிறையில் வைப்பதோடு குழப்பக் கூடாது, அது ‘துத்துக்லமக்’. அதிகாரிகள் பொருளைப் பறிமுதல் செய்வது ‘எல் கொய்மக்’, கை வைப்பது.

பத்திரம் மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதிகாரப் பத்திரங்களில் ‘அஹ்ஃஸு கப்ஃஸ்’ என்ற அரபுத் தொடர் இன்றும் வரும். ஒருவர் சார்பாகப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரம் என்று பொருள். 1932-இல் துருக்கி மொழிக் கழகம் தொடங்கிய பிறகு அரபுச் சொற்கள் ஏராளமாக வெளியேறின. சட்டக்காரர்களின் மேசையிலிருந்து இவற்றை அசைக்க முடியவில்லை.

மீதமிருக்கும் சில, சுருக்கமாக

செருப்பு, சட்டை கழற்றுவது ‘சுக்கர்மக்’. விமானம் கிளம்புவது ‘கல்க்மக்’. கழற்றிப் பிரித்துப்போடுவது ‘ஸொக்மெக்’. பொறுப்பை ஏற்று நடத்துவது ‘தெவ்ரல்மக்’. தாங்க முடியவில்லை என்பது ‘தயனமுயொரும்’. என்னைச் சுற்றுலாப் பயணி என்று நினைத்துவிட்டார் என்பதற்கு ‘ஸன்மக்’: ‘பெனி துரிஸ்த் ஸன்து’. மண்டபம் 500 பேர் பிடிக்கும் என்பதற்கு ‘பெஷ் யுஃஸ் கிஷி அலுர்’. மனசுக்குப் பட்டுக் கோபித்துக்கொள்வது ‘அலுன்மக்’. இது ‘அல்மக்’கின் செயப்பாட்டு வடிவமும்கூட. ‘அலுந்துன் மு?’ என்று நண்பர் கேட்டால், உன்னை யாராவது வாங்கினார்களா என்று கேட்கவில்லை; கோபமா என்று கேட்கிறார்.

கடைசிப் படி: திருப்பித் தேடுங்கள்

ஒரு துருக்கி வினையைத் தேர்ந்ததும், துருக்கி மொழிக் கழகத்தின் இணைய அகராதியில் அந்த வினையைத் துருக்கிப் பக்கத்திலிருந்து தேடுங்கள். அது இலவசம், பொருள்களை எண்ணிட்டு, எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு தரும். அந்த வாக்கியங்களில் உங்கள் பெயர்ச்சொல்லுக்கு இனமான ஒன்று இருந்தால் நம்பலாம். ஆங்கிலப் பக்கத்துப் பட்டியல்கள் இருபது முப்பது இணைச்சொற்களை வரிசையாகக் கொட்டும்; எது எதோடு போகும் என்று சொல்லாது.

இப்போது ஒரு சோதனை. ஆங்கிலத்தில் எட்டு ‘டேக்’ வரும் ஒரு சின்னச் சம்பவம்: அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். பஸ்ஸில் போனார்கள். நர்ஸ் ரத்தம் எடுத்தார், எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் ஆனது. திரும்பும்போது டாக்ஸியில் வந்தார்கள். அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு, கொஞ்சம் கண்ணயர்ந்தாள்.

துருக்கியில்: ‘அன்னெஸினி ஹஸ்தானெயெ கொத்துர்து. ஒத்தொபுஸெ பிந்திலெர். ஹெம்ஷிரெ கன் அல்து, ரொன்த்கென் செக்திலெர். இக்கி ஸாத் ஸுர்து. தொனுஷ்தெ தக்ஸியெ பிந்திலெர். அன்னெஸி ஹப்புனு இச்தி, பிராஃஸ் கெஸ்திர்தி.’

எட்டு ‘டேக்’குக்கு ஏழு வினை. ‘அல்மக்’ வந்தது ரத்தத்துக்கு மட்டும், ஒரே ஒரு தடவை. கடைசியில் உள்ள ‘கெஸ்திர்மெக்’ தனியாக வந்தால் குட்டித் தூக்கம்; முன்னால் முடி என்ற சொல் வந்துவிட்டால் முடிவெட்டிக்கொள்வது. ‘ஹப்புனு இச்தி’ என்பதில் ‘தன் மாத்திரையை’ என்ற உடைமையும் ‘ஐ’யும் சேர்ந்து இருக்கின்றன, அதில் சிக்கல் இல்லை. அவசரத்தில் ‘ஹப்பு யுத்து’ என்று எழுதிவிட்டால் மட்டும், அம்மாவின் பரிசோதனை முடிவு மோசமாக வந்துவிட்டது என்று வாசகர் பதறிப்போவார்.